ஐந்து கால் பசு

லாட்காலேயில், ரேஸெக்னேவுக்குக் கிழக்கே,
இரண்டு ஏரிகளுக்கு நடுவில் ஒரு கூட்டுப்பண்ணை.
நான் அதன் கால்நடை மருத்துவன்.
மாதம் இருமுறை மோட்டார் சைக்கிளில் போவேன்,
பனி இளகும் நாட்களில் அதைத் தள்ளிக்கொண்டு.

வெனராண்டாவுக்குப் பால் கறக்கும் வேலை.
வரைய யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை.
வரையாதே என்றும் யாரும் சொல்லவில்லை.
காகிதம், போன வருடப் பால் கணக்கேட்டின் பின்பக்கம்.
பென்சில், எச்சில் பட்டால் ஊதாவாகும் அலுவலகப் பென்சில்.
சிரித்தால் நாக்கு தெரியும்,
ஆகஸ்டில் காட்டுப்பழம் தின்ற பிள்ளையின் நாக்கு.
சிவப்புக்குப் பீட்ரூட். மஞ்சளுக்கு வெங்காயச் சருகு.
பச்சைக்குப் புல்லையே தேய்த்தாள்.
மூன்றாம் நாள் அது பழுத்துவிடும்;
அவள் படத்தில் எப்போதும் வைக்கோல் காலம்.

பால் கொட்டகைச் சுவரில் மாட்டியிருந்தாள்.
நிலத்தை மேசைவிரிப்பாய் உதறி விரித்திருந்தாள்.
ஏரி கதவு போல நிமிர்ந்து நின்றது.
மண்ணுக்குள் உருளைக்கிழங்குகள் தெரிந்தன,
சுவருக்குள் அடுப்பு, அடுப்புக்குள் ரொட்டி.
வண்டிக்கடியில் டோனாட்ஸ் தூங்கினான்;
அவன் பூட்ஸ் வண்டியை விடப் பெரிது,
அந்த வாரம்தான் வாங்கியது.
அவளுடைய ப்ரூனாலா வீட்டை விடப் பெரிய பசு.
அதற்கு ஐந்து கால்.

மார்ச்சில் மாவட்டத்திலிருந்து ஸ்ப்ரூஜிஸ் வந்தார், எண்ண.
ஏட்டில் பதினாறு கன்று. தொழுவத்தில் பதினாறு.
ஒரு கோப்பை பால் குடித்தார்,
குடித்துக்கொண்டே படத்தைப் பார்த்தார்,
பார்த்துக்கொண்டே விரல் நீட்டினார்.
பதினைந்து, பதினாறு,
விரல் சரிவில் இறங்கி
டோனாட்ஸின் குளியல் குடிலில் நின்றது.
சன்னலில் ஒரு மூக்கு. இரண்டு காது.
பதினேழு.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது.
ஏட்டின் பின்பக்கத்தில் இவள் வரைந்த கன்றோ
இருநூறு அடி தள்ளிப் பால் குடித்துக்கொண்டிருந்தது.
அதை வெளியே இழுத்தவன் நான்.
‘இறந்து பிறந்தது’ என்று எழுதியவனும் நான்,
தேதியோடு, கையொப்பத்தோடு.

பிரிப்பான் குழாயிலிருந்து பால் சொட்டியது.
பண்ணைத் தலைவர் தன் தொப்பியை ஆராய்ந்தார்.
நான் கேட்டேன்:
தோழரே, அந்தப் பசுவுக்கு எத்தனை கால்?
எண்ணினார். திரும்ப எண்ணினார்.
நாலு காலை எண்ணத் தெரியாதவளா
கன்றுகளை எண்ணப் போகிறாள்?

அவர் சிரித்தார். தலைவர் அவசரமாகச் சிரித்தார்.
எல்லாரும் சிரித்தார்கள், வெனராண்டா தவிர.
ஸ்ப்ரூஜிஸ் அவளுடைய பென்சிலையே வாங்கி
நாவில் தொட்டு, பதினாறு என்று எழுதினார்.
ஊதா நாக்கோடு ஊருக்குப் போயிருப்பார்.

அதன்பின் அவள் என்னோடு பேசவில்லை.
மே மாதம் முழுக்கப் பேசவில்லை.
வாளியை மட்டும் நகர்த்துவாள், நான் உட்கார.

ஜூனில் ஒருநாள், ஈக்கள் மொய்க்கும் பொழுது,
வா என்று ப்ரூனாலாவிடம் கூட்டிப்போனாள்.
பார் என்றாள்.
பின்னங்கால் தூக்கியது, வைத்தது, தூக்கியது;
மற்ற மூன்றும் அசையவில்லை.
இங்கேயும் பார்த்தேன், அங்கேயும் பார்த்தேன்,
எதை விடுறது?
குனிந்தேன்.
குளம்புக்கு மேலே வீக்கம்,
கையில் சுட்டது, ஈயின் வேலை இல்லை.
குளிர்காலம் முழுக்க நான் தடவிப் பார்த்த பசு.
படத்தில் அந்த ஐந்தாம் காலில் மட்டும்
பீட்ரூட்டால் ஒரு வளையம் இருந்தது.
அழகுக்கு என்று நினைத்திருந்தேன்.

அறுவடைக்கு முன் என்னையும் வரைந்து சேர்த்தாள்,
படத்தின் இடது ஓரத்தில் இடம் நெருக்கி.
தொப்பி இருக்கிறது. பை இருக்கிறது.
வாய் வைக்கவில்லை.
ஒரு கை மோட்டார் சைக்கிளைப் பிடித்திருக்கிறது.
கையொப்பம் போட்ட கை தெரியவில்லை;
தோள்வரை ஒரு பசுவுக்குள் இருக்கிறது.